வெட்டுப்பட்ட ஈசானியம்

வடகிழக்கு மூலை இல்லாத வீட்டில் தெய்வம் தங்குமா? என் கொழுந்தனார் இதைக் கேட்டதோடு நிற்கவில்லை. வாஸ்து பார்க்கிற ஒருவரையும் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

நங்கநல்லூரில் எங்கள் ஃப்ளாட் இரண்டாவது மாடியில் இருக்கிறது. மனையை ஒட்டிச் சந்து வளைந்து போவதால் கட்டிடமும் அதோடு வளைந்துவிட்டது. ஹாலின் நீளம் 14 அடி. அகலம் ஒரு கோடியில் 9 அடி, மறுகோடியில் ஆறரை. வடகிழக்கில் சுவர் சாய்ந்து ஓடுகிறது. போதாததற்கு ஒரு தூண் வேறு துருத்திக்கொண்டிருக்கும். இதற்குள் நாலு கதவுகள். அவை திறந்து மூட இடம் விட்டால் மனிதர்களுக்கு மிச்சம் கொஞ்சம்தான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த என் மாமியாரை ஊரிலிருந்து அழைத்து வந்தபோது, “என்ன உள்ரூம்ல போட்டுடாதம்மா, வர்றவங்க போறவங்க முகத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்” என்றார். ஆக, ஹாலில் ஒரு கட்டிலுக்கு இடம் பண்ணியாக வேண்டும். கையிலிருந்தது 20,000 ரூபாய்.

வந்தவர் திசைகாட்டியைத் தரையில் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார். ஈசானியம் வெட்டுப்பட்டிருக்கிறதாம். சுவரை இடித்து நேராக்க வேண்டும், இல்லையென்றால் செம்புத் தகடும் பிரமிடும் பதிக்க வேண்டும். பரிகாரத்துக்கு அவர் சொன்ன தொகை எங்கள் மொத்தப் பணத்தைவிட அதிகம். அத்தை விழுந்ததற்கும் இந்த மூலைதான் காரணம் என்றார். அத்தை விழுந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில், எங்கள் பூர்வீக வீட்டுக் கிணற்றடியில்.

வாஸ்து நூல்களை நான் எள்ளவில்லை. மயமதம் கோயிலுக்கும் ஊருக்கும் மட்டுமில்லாமல் கட்டிலுக்கும் இருக்கைக்கும்கூட இலக்கணம் சொல்லும் பெரிய நூல். காற்று, வெயில், நீரோட்டம் எல்லாம் பார்த்து யோசித்தவர்களின் அனுபவம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த நூல்களின் கணக்கு மண்ணிலிருந்து தொடங்குகிறது. குழி தோண்டி, எடுத்த மண்ணை அதே குழியில் திருப்பிக் கொட்டி, மிஞ்சுகிறதா குறைகிறதா என்று பார்த்துத்தான் மனையைத் தேர்ந்தெடுப்பார்கள். 81 கட்டங்களில் வாஸ்து புருஷன் ஈசானியத்தில் தலைவைத்துப் படுத்திருப்பது அந்த மண்ணின் மேல். எங்கள் ஹாலைத் தோண்டினால் முதல் மாடிக்காரரின் ஃபேன்தான் வரும். ஒரே மனையில் பன்னிரண்டு குடும்பங்கள். ஒரே புருஷனுக்குப் பன்னிரண்டு தலையா?

என் தம்பி வேதாந்தம் படிப்பவன், அவனிடம் வேறு பதில் இருந்தது. கௌடபாதர் மாண்டூக்ய காரிகையில் குடத்துக்குள் இருக்கும் ஆகாசத்தைச் சொல்கிறார். குடம் எந்த வடிவில் இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆகாசம் கோணுவதில்லை, குடம் உடைந்தால் அது உடைவதுமில்லை. அப்படியிருக்க, “உன் ஹால்ல கோணல் எங்கக்கா இருக்கு?” என்றான். மறுக்க முடியாத வாதம். ஆனால் கோணலே இல்லாத அந்த ஆகாசத்தில் நடக்கிறபோது என் முழங்கால் டீப்பாயில் தினமும் இடித்துக்கொண்டிருந்தது.

திருநின்றவூர் பூசலாரையும் நினைத்துப் பார்த்தேன். கையில் காசில்லாமல், மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிச் சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் போய், குடமுழுக்கைத் தள்ளிவை, அன்று நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்று சிவனே சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பட்ஜெட் போடுகிற எல்லோருக்கும் அவர்தான் குலதெய்வமாக இருக்க வேண்டும். இருந்தாலும் மனக்கோயிலில் அத்தையின் கட்டிலைப் போட முடியாதே.

எனக்கு விடை கிடைத்தது திருக்கோவலூரில். மழையும் இருட்டுமான ஓர் இரவு. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று இவர் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பிறகு பேயாழ்வார் வருகிறார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். இடைகழி ஓர் அங்குலமும் வளரவில்லை. உள்ளே இருந்தவர்கள்தான் ஒவ்வொரு முறையும் தங்கள் சௌகரியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். இனி இடமே இல்லை என்ற பிறகு நாலாவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார். யாரென்று பார்க்கத்தான் பொய்கையார் ஒரு நூறும் பூதத்தார் ஒரு நூறும் பாடி விளக்கேற்றுகிறார்கள். பேயாழ்வார் பெருமாளைக் கண்டுவிட்டுத் தம் நூறைப் பாடுகிறார். அந்த ஊர்ப் பெருமாள் உலகளந்தவர். மூன்றாவது அடிக்கு உலகத்தில் இடம் போதாமல் போனவருக்கு இந்த நடைவழி போதுமாக இருந்திருக்கிறது! இந்தக் கதையை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடைகழி எந்தத் திசை பார்த்திருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

அவர்கள் ஆழ்வார்கள், நாம் சம்சாரிகள், நமக்குச் சாஸ்திரம் வேண்டாமா என்றார் கொழுந்தனார். வேண்டும்தான். குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. வாசல் எந்தப் பக்கம் என்பதற்கு இல்லை. சம்சாரிக்கு எது முதல் சாஸ்திரம் என்பதற்கு எனக்கு இது போதும்.

பிறகு வேலை ஓடிவிட்டது. பாதி ஹாலை அடைத்துக்கொண்டிருந்த சோபாவையும், யாரும் திறக்காத ஷோகேஸையும் விற்றோம். பாத்ரூமுக்கு மடக்குக் கதவு போட்டதில் கட்டிலுக்கு வேண்டிய இடம் கிடைத்தது. சுவர்களுக்குப் பட்டி பார்த்து வெளிர்மஞ்சள் அடித்தோம். வந்த ஆசாரி மூலமட்டத்தை ஒவ்வொரு மூலையாக வைத்துப் பார்த்துவிட்டு, “எந்த மூலையும் மட்டத்துக்கு நிக்கலம்மா” என்று சிரித்தார். சாய்ந்த சுவரோடு செய்தித்தாளை ஒட்டிப் பிடித்து, விரலால் மடிப்பை அழுத்தி, அந்தக் கோணத்திலேயே கத்தரித்தார். பிளைவுட்டின் மேல் தாளை வைத்துக் கோடு போட்டு அறுத்து மூலைக்குள் நுழைத்தபோது ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. அந்தத் தட்டில்தான் இப்போது சாமி படங்கள் இருக்கின்றன. அதன் கீழே ஊரிலிருந்து வந்த பழைய ஊஞ்சல் பலகைக்குக் கால் அடித்துப் பெஞ்சாக்கினோம். அத்தையைப் பார்க்க வருகிறவர்கள் அதில் உட்காருகிறார்கள். கூட்டம் வந்தால் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து தூணில் சாய்ந்து நின்றுகொள்வார்.

செலவு 18,600. சாய்வுச் சுவர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெடிமேட் அலமாரி வாங்கி ஏமாறாதீர்கள், தாளை வெட்டி அளவெடுக்கத் தெரிந்த ஆசாரியைப் பிடியுங்கள். பரிகாரத்துக்கு யாராவது விலை சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.