கலக காலத்தில் குடும்பமும் ஜெபமும்

தன் நம்பிக்கையின் பொருட்டுத் தன் உயிரைத் துறக்க ஒருவனுக்கு உரிமை உண்டு என்பதை உலகத்தார் பெரும்பாலும் ஒப்புக்கொள்வர். ஆனால் அதே நம்பிக்கையின் பொருட்டுத் தன் மனைவி மக்களையும் ஆபத்தின் நடுவே நிறுத்த அவனுக்கு உரிமை உண்டா என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லத் துணிபவர் சிலரே. அந்நிய நாடுகளுக்குச் சுவிசேஷ ஊழியத்தின் பொருட்டுச் சென்ற மிஷனரி குடும்பங்களின் சரித்திரம் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்பியிருக்கிறது. கலகம் மூண்டு, தபாலும் தந்தியும் அற்றுப்போய், தாய்நாட்டுச் சபைகளில் விசேஷ ஜெபக்கூட்டங்கள் கூட்டப்பட்டு, அக்குடும்பத்தாரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும் வேளையில், இன்னொரு கேள்வியும் உடன் எழுகிறது: பகிரங்கமாக ஏறெடுக்கப்படும் அந்த ஜெபத்தில் யாருடைய பெயர்கள் இடம்பெறுகின்றன, யாருடையவை விடுபடுகின்றன? முதற்கேள்வி பெற்றோரின் தர்மத்தைப் பற்றியது. இரண்டாவது சபையின் தர்மத்தைப் பற்றியது. ஒன்றுக்கு விடை காணாமல் மற்றதற்கு விடை காண இயலாது என்பதற்கு 1900-ஆம் ஆண்டின் வடசீனம் தக்க சான்று.

அவ்வாண்டு அந்நியருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக மூண்ட பாக்ஸர் கலகத்தின் வேர் நெடுநாளையது. அபினி யுத்தங்களை ஒட்டி 1858-லும் 1860-லும் ஏற்பட்ட உடன்படிக்கைகளின்படி, மேனாட்டு மிஷனரிகள் சீனத்தின் உட்பகுதிகளுக்குச் சென்று போதிக்கவும், தங்கள் நாட்டுத் தூதர்களின் பாதுகாப்பைக் கோரவும் உரிமை பெற்றனர். அபினி வியாபாரியும் சுவிசேஷப் பிரசங்கியும் ஒரே பீரங்கியின் பலத்தில் உள்ளே நுழைந்தவர்கள் என்று சீனத்துக் குடியானவன் எண்ணியதற்கு இவ்வளவே போதுமாயிருந்தது. இதனோடு ஜெபத்தைப் பற்றிய ஒரு பிணக்கும் சேர்ந்துகொண்டது. மழை பொய்த்த காலத்தில் ஊரார் அனைவரும் வரி கொடுத்து, கோயிலில் கூத்து நடத்தி, தெய்வத்தை ஊர்வலமாக எடுத்து மழை வேண்டுவது அந்நாட்டுக் கிராம வழக்கம். கிறிஸ்தவர்களானோர் இவ்வரியைக் கொடுக்க மறுத்தனர்; அந்நிய அரசுகளின் வற்புறுத்தலால் சீன அரசாங்கமும் அவர்களுக்கு விலக்கு அளித்தது. 1900-இல் வறட்சி முற்றி, வயல் வெடித்து, வேலையற்ற வாலிபர் தெருக்களிற் கூடிய போது, மழையைத் தடுத்து நிறுத்தியவர்கள் இந்தக் கிறிஸ்தவர்களே என்று சுவரொட்டிகள் பறைசாற்றின. மிஷனரி வீடுகளிலும் மழைக்காகவே ஜெபம் நடந்தது. மழை பெய்தால் கூட்டம் கலைந்து உழவுக்குப் போய்விடும் என்பதை அவர்களும் அறிந்திருந்தனர். இரு திறத்தாரும் ஒரே வானத்தை நோக்கி ஒரே வரத்தையே கேட்டனர். ஆயினும் ஒருவர் கேட்பது மற்றவர் செவிக்குச் சாபமாகப்பட்டது. பிறர் கேட்க ஏறெடுக்கப்படும் ஜெபம் கடவுளிடம் மாத்திரம் பேசுவதன்று, அண்டை வீட்டாரிடமும் பேசுகிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

இத்தகைய சூழ்நிலையில் குடும்பத்தோடு வாழ்வதென்பது யாது? 1865-இல் சீன உள்நாட்டு மிஷனை நிறுவிய ஹட்ஸன் டெய்லரின் வீட்டையே முதலில் நோக்கலாம். 1868-இல் யாங்ஜோ நகரத்தில் ஜனக்கூட்டம் ஒன்று இரவில் அவருடைய வீட்டைத் தாக்கித் தீயிட்ட போது, அதிகாரியின் உதவியை நாடி அவர் வெளியே போயிருக்க, கர்ப்பிணியாயிருந்த அவர் மனைவி மரியா மேல்மாடியிலிருந்து குதித்துத் தப்பவேண்டியதாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் அவர்களுடைய மூத்த மகள் நோயால் இறந்திருந்தாள். 1870-இல் ஓர் ஆண்குழந்தையும், அதன்பின் பிறந்த சிசுவும், மரியாவும் அடுத்தடுத்து மறைந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே மூத்த பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டிருந்ததனால், தாயின் மரணப்படுக்கையைக் காண அவர்கள் அருகில் இல்லை. உடன் வைத்திருந்தாலும் துயரம், பிரித்து அனுப்பினாலும் துயரம் என்ற இந்த இருதலைக் கொள்ளி நிலையை அவ்வூழியத்தில் இறங்கிய ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் அனுபவித்தது. 1881-இல் சீஃபூ துறைமுகத்தில் மிஷனரி பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி ஏற்பட்டது இதற்கு ஒரு நடுவழி காண்பதற்காகவே.

1900-இன் கோடையில் அந்த நடுவழிக்கும் இடமில்லாது போயிற்று. ஷான்சி மாகாணத்தில் ஃபென்ஜோ என்ற ஊரில், யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் நிறுவிய அதே அமெரிக்கன் போர்டு என்னும் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சில இருந்தன. அவற்றுள் ஆட்வாட்டர் என்பவரின் நான்கு பெண்குழந்தைகளில் இருவர், படிப்பின் பொருட்டு வேறோர் ஊரில் இன்னொரு மிஷனரி குடும்பத்தோடு தங்கியிருந்தனர். ஜூலை 9-ஆம் நாள் தையுவான் நகரில் நாற்பதுக்கும் மேற்பட்ட அந்நியர் கொல்லப்பட்டபோது அவ்விரு சிறுமியரும் அவர்களோடு மடிந்தனர். அச்செய்தி ஃபென்ஜோவுக்கு எட்டிய பின், நிறைகர்ப்பிணியாயிருந்த அவர்களுடைய சிற்றன்னை லிஸி, ஆகஸ்ட் 3-ஆம் நாள் தன் சுற்றத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினாள். சீனத்துக்கு வந்ததற்காகத் தான் வருந்தவில்லை என்றும், செய்த பணி சொற்பமே என்பதற்காகவே வருந்துவதாகவும் அதில் கண்டிருந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, பத்திரமாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லி அழைத்துச் சென்ற படைவீரர்களே ஃபென்ஜோ மிஷனரி குடும்பத்தார் அனைவரையும் வழியில் வெட்டி வீழ்த்தினர். அந்தக் கோடையில் உயிரிழந்த புரொட்டஸ்டண்டு மிஷனரி குடும்பத்தினர் 180 பேருக்கு மேல்; அவர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

லிஸியின் கடிதத்தைப் படிப்போர் அவளுடைய திடசித்தத்தை வணங்காதிருக்க முடியாது. ஆயினும் அவளுக்கு உரிய வணக்கம் வேறு, அவளுடைய நிலையில் வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய நியாயம் வேறு. அவள் வருந்தவில்லை என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டு, ஏனெனில் வந்தவள் அவள். அச்சிறுமியரோ வந்தவர்கள் அல்லர், கொண்டுவரப்பட்டவர்கள். சபைகள் அக்குழந்தைகளின் பெயர்களையும் இரத்தசாட்சிகளின் வரிசையிற் சேர்த்துப் பொறித்தன. அது அன்பின் செயலே எனினும், சாட்சி என்பது சாட்சி சொல்பவரின் மனமுவந்த சம்மதத்தைப் பொறுத்தது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பதிலாக அதன் தகப்பன் அச்சம்மதத்தைக் கொடுத்துவிட முடியாது. பிரதிக்ஞை செய்தவனே பிரதிக்ஞையின் கடனை இறுக்கவேண்டும். ஆகையால் ஆபத்து தெரிந்து, வழியும் திறந்திருக்கும்போது பிள்ளைகளை அப்புறப்படுத்தும் பெற்றோரை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று சொல்வது அநியாயம்; கடவுள் காப்பார் என்று சொல்லி அவர்களை அங்கேயே நிறுத்துவது, தான் செய்யவேண்டிய தீர்மானத்தை ஜெபத்தின் மேல் சுமத்துவதாகவே முடியும்.

இதற்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மிஷனரிக்குக் கப்பல் உண்டு. அவனால் ஞானஸ்நானம் பெற்ற சீனக் குடியானவனுக்குக் கப்பல் இல்லை. தன் பிள்ளையை ஏற்றி அனுப்புகிற போதகன், அனுப்ப இயலாத தகப்பனைப் பார்த்து, நம் இருவர் பிள்ளைகளும் கடவுளுக்கு ஒன்றே என்று எந்த முகத்தோடு சொல்வான்? இது வெறும் வாதமன்று. அக்கலகத்தில் மாண்ட சீனக் கிறிஸ்தவர்களைப் பல்லாயிரக் கணக்கிற் சொல்லவேண்டும். அந்நியரில் மாண்டோர் சில நூற்றுவரே. பீக்கிங்கின் தூதரகப் பகுதி ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 14 வரை முற்றுகையில் இருந்தபோது, ஏறக்குறைய மூவாயிரம் சீனக் கிறிஸ்தவர் அதனை அடுத்த இளவரசர் ஒருவருடைய மாளிகையில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை உள்ளே சேர்ப்பதற்கே தூதர்கள் முதலில் தயங்கினார்கள். அரண் கட்டவும் அகழி வெட்டவும் அவர்களுடைய கைகள் பயன்பட்டன. ஆனால் அந்நியர் குதிரை மாமிசமும் அரிசியும் உண்ட நாட்களில் இவர்கள் மரப்பட்டையையும் இலையையும் தின்னும்படி ஆயிற்று. இவர்களுடைய குழந்தைகள் பசியால் இறந்தன. ஒரே மதிலுக்குள், ஒரே கடவுளை நோக்கி, இரு வகுப்பார் ஜெபித்தனர். ஒரே சட்டியிலிருந்து உண்ணவில்லை.

இவ்வாட்சேபத்தின் உண்மையை ஏற்றுக்கொண்டும், அதன் முடிவை ஏற்கவேண்டிய அவசியமில்லை. எல்லாக் குழந்தைகளையும் காக்க முடியவில்லை என்பதற்காகக் காக்கக்கூடிய குழந்தையையும் சாகவிடுவது சமத்துவம் ஆகாது. ஆனால் பிறருக்குக் கிட்டாத சலுகையை அனுபவிப்பவன் அச்சலுகையினாலேயே கடனாளியாகிறான். அவன் வீட்டுக் கதவும், அவன் தூதரகத்தின் மதிலும், அவன் சேமித்த தானியமும் அந்தக் கடனுக்கு ஈடு. அதனினும் நுட்பமான கடன் ஒன்று உண்டு: தன் பிள்ளையிடம் கேட்காத தைரியத்தைப் பிறர் பிள்ளையிடம் அவன் கேட்கலாகாது. கலகத்தின்போது, கிறிஸ்து மார்க்கத்தைக் கைவிட்டதாக எழுதிக்கொடுத்தவர்களுக்கு உயிர்ப் பாதுகாப்பு உண்டு என்று பல இடங்களில் அதிகாரிகள் விளம்பரம் செய்தனர். மடியில் குழந்தையும் வாசலில் வாளுமாக நின்ற அநேகர் அவ்வாறு எழுதிக்கொடுத்தனர். அமைதி திரும்பிய பின் அவர்களைச் சபையில் மீண்டும் சேர்ப்பதா, தண்டிப்பதா என்று மிஷன்கள் விசாரணை நடத்தின. விசாரித்தவர்களுள் துறைமுகங்களுக்குத் தப்பிச் சென்று திரும்பி வந்தவர்களும் இருந்தனர். ஓடியவன் செய்தது விவேகம் என்றால், கையெழுத்திட்ட தாய் செய்ததும் அதே விவேகத்தின் வேறொரு ரூபம் என்பதை அவ்விசாரணைகள் நினைவிற் கொண்டிருக்கவேண்டும்.

இனி ஜெபத்துக்கு வருவோம். மலைப்பிரசங்கம் அறையின் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறது. சத்துருக்களுக்காக ஜெபிக்கவும் சொல்கிறது. கலக காலத்தில் முதற்கட்டளையைக் கைக்கொள்வது கடினம், ஏனெனில் துயரம் துணையைத் தேடும். சபையாகக் கூடி அழுவதும் வேண்டுவதும் இயல்பே, குற்றமன்று. ஆனால் முதற்கட்டளை தளரும்போது இரண்டாவது கட்டளை இன்னும் இறுக்கமாகக் கைக்கொள்ளப்படவேண்டும். அவ்வாறு கைக்கொள்ளப்படாதபோது பகிரங்க ஜெபம் எவ்வளவு விரைவில் படைமுழக்கமாக மாறிவிடும் என்பதற்கு ஜெர்மானியச் சக்கரவர்த்தி வில்லியமே உதாரணம். 1900 ஜூலையில் சீனத்துக்குப் புறப்பட்ட தம் போர்வீரர்களுக்கு இரக்கம் காட்டாதீர்கள் என்று உபதேசித்த அவர், சில நாட்களில் தம் கப்பலில் நடந்த ஆராதனையில், மோசே கையுயர்த்தி நின்றபோது இஸ்ரவேலர் அமலேக்கியரை வென்ற வரலாற்றைப் பொருளாக எடுத்துப் பிரசங்கித்தார். வீட்டிலிருப்போரின் ஜெபம் உயர்த்திய கரங்களாயிற்று, சீனர் அமலேக்கியர் ஆயினர். பத்திரமாக இருக்கவேண்டும் என்று ஒரு தாய் தன் மகளுக்காகச் செய்த ஜெபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். ஆயினும் அத்தாயின் கண்ணீரே பத்திரிகைகளில் அச்சாகி, சேனைகளை அனுப்பக் காரணம் காட்டப்பட்டது. 1901-இல் சீனத்தின் மேல் 45 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடு விதிக்கப்பட்டபோது அதன் சுமையைத் தாங்கியவர்கள், கலகத்தில் ஈடுபடாத ஏழைகளும் உட்பட்ட அந்நாட்டுக் குடிகளே. கிராமங்களில் நேரடியாக ஈடு வசூலித்த மிஷனரி ஒருவரை மார்க் ட்வெயின் அவ்வாண்டு தம் கட்டுரையொன்றில் கடுமையாகச் சாடினார்.

மாறான உதாரணமும் அதே சரித்திரத்தில் உண்டு. 58 மிஷனரிகளையும் 21 குழந்தைகளையும் பறிகொடுத்த சீன உள்நாட்டு மிஷன், ஈடு கோருவதில்லை என்று மாத்திரமன்றி, கொடுத்தாலும் உயிர்களுக்கும் உடைமைகளுக்கும் வாங்குவதில்லை என்றும் தீர்மானித்தது. அம்மிஷனின் ஸ்தாபகர் டெய்லர் அப்போது நோயுற்று ஸ்விட்ஸர்லாந்தில் தாவோஸ் என்னும் ஊரில் இருந்தார். மரணச் செய்திகள் தந்தி தந்தியாக வந்து குவிந்த நாட்களில், ஜெபிக்கவும் தம்மால் முடியவில்லை, நம்ப மாத்திரமே முடிகிறது என்று அவர் சொன்னதாக அவருடைய சரித்திரம் கூறுகிறது. அரை நூற்றாண்டாக ஜெபத்தையே கைமுதலாகக் கொண்டிருந்தவர் வாயடைத்துப்போன அந்த நிலையை விசுவாசக் குறைவு என்று எவரும் சொல்லார். கைகளை உயர்த்தி வெற்றி வேண்டிய ஜெபத்தினும் அந்த மௌனத்தில் அறம் மிகுதி.

ஃபென்ஜோ மிஷனரிகளின் மரணச் செய்தியைக் கடற்கரைக்குக் கொணர்ந்தவர் ஃபே சீ ஹாவ் என்ற சீனக் கிறிஸ்தவர். இவர் நம்பத்தக்கவர், எங்கள் கதியை இவர் சொல்வார் என்ற கருத்துப்பட மிஷனரிகள் ஒரு துணித்துண்டில் எழுதிக்கொடுத்ததை மறைத்துவைத்துக்கொண்டு அவர் தப்பிவந்தார். அடுத்த ஆண்டு அவர் கல்வி கற்க அமெரிக்காவுக்குச் சென்றபோது, சீனரை விலக்கும் சட்டத்தின்படி ஸான் பிரான்ஸிஸ்கோ துறையிலேயே தடுத்துவைக்கப்பட்டார். இறந்தவர்களுக்காக ஆலயங்களில் கண்ணீர் விட்ட தேசம், அவர்களுடைய இறுதி வார்த்தையைச் சுமந்து வந்தவனுக்குக் கதவைச் சாத்தியது. ஃபென்ஜோ மிஷனரிகளுட் பலர் பயின்ற ஓபர்லின் கல்லூரியில் 1903-இல் அவர்கள் நினைவாக ஒரு வளைவு எழுப்பப்பட்டது. அதில் அமெரிக்கக் குழந்தைகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன, உடன் மாண்ட சீனரின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின் அக்கல்லூரி மாணவரிற் பலர், பட்டமளிப்பு நாளில் அந்த வளைவின் கீழ் நடக்க மறுத்து அதைச் சுற்றிச் செல்லலாயினர்.

ஆகவே இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே முடிகிறது. பெற்றோர் தம் பிள்ளைகளைக் காப்பது அறமே. ஆனால் அந்தக் காப்பு தமக்கு மாத்திரம் திறந்த வழியால் கிடைத்தது என்பதை மறந்து அதைத் தேவ கிருபையென்று மட்டும் பேசுவது அறமாகாது. சபை தன்னவர்க்காகப் பகிரங்கமாக ஜெபிப்பது அறமே. ஆனால் அந்த ஜெபம், அதில் பெயர் சொல்லப்படாத அயலான் காதில் விழுந்தாலும், எதிர்த்து நிற்பவன் காதிலேயே விழுந்தாலும், சொன்னவர் நாணவேண்டாததாய் இருத்தல் வேண்டும். அத்தகைய ஜெபத்தில் மிஷனரி குடும்பத்தின் க்ஷேமத்தோடு, அதன் சமையற்காரன், ஆஸ்பத்திரிப் பணிப்பெண், பள்ளி உபாத்தியாயர் ஆகியோரின் க்ஷேமமும் பெயரிட்டுச் சொல்லப்படும். மழையில்லாது நெஞ்சு வறண்டு கலகத்திற் சேர்ந்த குடியானவனும் அதிலிருந்து விலக்கப்படமாட்டான். ஜெபம் முடிந்தபின், நேற்றுவரை பெயர் சொல்லி வேண்டப்பட்ட அயலான் அகதியாகத் துறைமுகத்தில் வந்திறங்கும்போது அச்சபை தன் அரசாங்கத்திடம் அவனுக்காகப் பேசுமா என்பதைக் கொண்டே அதன் உண்மையை அளக்கவேண்டும்.