ஆயிரம் ரூபாய்ப் பாடம்

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் நோக்கி விரைந்துகொண்டிருந்தோம். மாலையில் நகரில் கூட்டம். பிறவிச் சலுகையைக் கண்டித்துப் பேசவேண்டும். நேரமோ கடந்துவிட்டது. பள்ளிக்கூடம் ஒன்றின் அருகே நின்ற பலகை 40 என்றது. நம் காரின் முள் 80 என்றது. பலகையைப் பார்த்தோம், மதிக்கவில்லை. சற்றுத் தொலைவில் காவலர் கைகாட்டினார். அபராதம் ஆயிரம் ரூபாய்!

அப்போது நம் நா என்ன சொல்லிற்று தெரியுமா? "பொதுக்கூட்டத்திற்குப் போகிறோம், இன்னாரை நன்கு தெரியும், சற்றுப் பார்த்து..." என்று குழைந்தது. "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே ஐயா?" என்றார் காவலர், சீட்டை நீட்டியபடி.

சுருக்கென்றது! எதனைச் சாட மேடை நோக்கி விரைந்தோமோ, அதனையே சாலையோரத்தில் கையேந்திக் கேட்டு நின்றோம். பிறப்பால் வரும் சலுகை கொடுமை என்றால், செல்வாக்கால் வரும் சலுகை மட்டும் பெருமையா?

இளந்தோழர் ஒருவர் கேட்கலாம்: "சாத்திரத்தையே ஏனென்று கேட்ட நாம், ஒரு தகரப் பலகைக்குத் தலைவணங்குவதா? அதுவும் மனிதன் எழுதியதுதானே?" நல்ல கேள்வி. ஆம், மனிதன் எழுதியதுதான். 1896ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் வால்டர் அர்னால்டு என்பவர், மணிக்கு 2 மைல் வரம்புள்ள இடத்தில் 8 மைல் வேகத்தில் கார் ஓட்டினார். சைக்கிளில் துரத்திப் பிடித்தார் காவலர். ஒரு ஷில்லிங் அபராதம். அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் வரம்பு 14 மைலாக உயர்ந்தது. ஏன் என்று கேட்டார்கள், மாற்றினார்கள்.

வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. சாத்திரம், கேள்வி கேட்டால் பாவம் என்னும். பலகையோ, கேட்டால் பதில் தரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். 80இல் 22 மீட்டர். கண் கண்டு கால் பிரேக்கை மிதிக்குமுன் கடந்துவிடும் தொலைவு அது! வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றலோ நான்கு மடங்கு. பள்ளிச் சிறுமி ஒருத்தி சாலையில் கால் வைத்திருந்தால்? இந்தக் கணக்கை நாம் அறியாதவரல்லர். அறிந்தும் மீறினோம், அதுவே குற்றம்.

முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும் லாரியைக் கண்டு நகைத்திருக்கிறோம். "நமக்கா விபத்து நேரும்?" என்ற எண்ணத்தோடு விரைந்தோமே, அது என்ன? கண்ணுக்குத் தெரியாத எலுமிச்சையன்றோ! 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,000க்கும் மேல். அவர்களில் பத்தில் எழுவரின் சாவுக்கு அரசின் கணக்கு காட்டும் காரணம் மிகுவேகம். தலைவிதி என்று அதற்குப் பெயரிட்டு அழுவோர் ஒருபுறம். விதியை மறுத்துவிட்டு வேகத்தை மட்டும் விடாத நாம் மறுபுறம். சாகிறவருக்கு இவ்விரண்டில் என்ன வேறுபாடு?

அபராதம் அச்சத்தைத் தரும். காவலர் இல்லாத வளைவில் அச்சம் அகன்றுவிடும். அறிவு தரும் கட்டுப்பாடோ, ஆளில்லாச் சாலையிலும் உடன்வரும். பகுத்தறிவு மேடைக்கு மட்டும் உரிய அணிகலன் அன்று. காலடியில் இருக்கும் பிரேக்கிலும் அது இருக்கவேண்டும்.

அன்று கூட்டத்திற்குக் காலம் கடந்தே சென்றோம். எழுதிவைத்த முன்னுரையை மடித்துவைத்தோம். சட்டைப் பையிலிருந்த அபராதச் சீட்டைப் படித்துக்காட்டிப் பேச்சைத் தொடங்கினோம்.