அம்மா தரும் சம்பளம்

பெற்ற தாயைக் குளிப்பாட்டிச் சோறூட்ட மகளுக்கு மாசச் சம்பளம்! கேட்டதும் ‘சே, இதென்ன கூத்து?’ என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அமெரிக்க அரசாங்கம் இதைச் சோதித்தே பார்த்துவிட்டது.

அங்கே ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு ‘மெடிக்கெய்ட்’ என்று பெயர். தானாகக் குளிக்க, உடுத்த முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏஜென்சி மூலம் வீட்டுக்கே ஆள் அனுப்பும். யார் வருவார், எப்போது வருவார் என்பதெல்லாம் ஏஜென்சி வைத்ததுதான் சட்டம். ஆள் மத்தியானம் வந்தால், மத்தியானம்தான் குளியல்.

1998 டிசம்பரில் ஆர்கன்சாவில் பரிசோதனை தொடங்கியது. பிறகு நியூஜெர்சி, ஃபுளோரிடா. விரும்பி வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல ஏஜென்சி ஆள். மறு பாதிக்கு மாதாமாதம் ஒரு தொகை. ‘பிடித்தவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.’ பெரும்பாலோர் வைத்துக்கொண்டது சொந்தக்காரர்களை, தெரிந்தவர்களை.

காசைச் சுருட்டிவிடுவார்களோ, கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. ஏமாற்று வேலை அரிதாகத்தான் நடந்தது. யாருக்கும் உடம்பு அதனால் மோசமாகிவிடவில்லை. திருப்தி மட்டும் வெகுவாகக் கூடியது.

பி.காம். படித்த புத்தி, செலவைத் தேடியது. ஆர்கன்சாவில் வீட்டுப் பராமரிப்புச் செலவு ஏறத்தான் செய்தது. ஏஜென்சிகள் அனுமதித்த அளவுக்குக்கூட ஆள் அனுப்பாமல் இருந்ததே காரணம். ஏறியதில் பெரும்பகுதி, முதியோர் இல்லம் போன்ற மற்ற செலவுகள் குறைந்ததில் சரிக்கட்டிப் போயிற்று.

என்னை உலுக்கியது வேறு. சம்பளம் வாங்கிய சொந்தக்காரர்கள், சம்பளமில்லாத நேரத்திலும் நிறைய உழைத்தார்கள். காசு வந்ததால் பாசம் கடிகாரம் பார்க்கவில்லை.

‘பாசத்துக்கு விலையா?’ என்று மகளைப் பார்த்தே கேட்டுவிடுகிறோம். அம்மாவுக்காக அவள் வேலையை விட்டாளே, அந்த நஷ்டம் யார் தலையில் என்று கேட்பதில்லை. படுக்கையில் கிடக்கும் அம்மாவையோ எதுவுமே கேட்பதில்லை.

அந்தத் தொகை ஒதுக்கப்பட்டது அம்மாவின் பெயரில். தன் உடம்பை யார் தொடலாம், எப்போது தொடலாம் என்று சொல்லும் உரிமை அதோடு வந்தது. ‘பாரமா இருக்கேனே’ என்று குமைகிறவர் கையில், பெண்ணுக்குக் கொடுக்கவும் ஒன்று வந்தது.

சிக்கல் இல்லாமலில்லை. சரியாகக் கவனிக்காத மகளை வேலையைவிட்டு நிறுத்த எந்தத் தாய்க்கு மனசு வரும்?

ஆனால், முன்பின் தெரியாத ஆளுக்குக் கொடுத்தால் நியாயம், அதே காசைப் பெற்ற பெண்ணுக்குக் கொடுத்தால் அசிங்கம் என்கிறோமே... அந்தக் கணக்குதான் எனக்கு இன்னும் டேலி ஆகவில்லை!