சாக்பீஸ் வட்டம்

பொம்மிடியிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் ஆலைகளுக்குப் பயிற்சிக்குப் போகும் பொறியியல் மாணவர்கள் மறக்காமல் எடுத்துப்போவது லேப்டாப். டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோவுக்கு ஒரு சாக்பீஸ் போதுமாயிருந்தது. தரையில் வட்டம் போட்டு, பொறியாளரை அதற்குள் மணிக்கணக்கில் நின்று பார்க்கச் சொல்வாராம்.

நின்றால்தான் கண்ணில் படும்: ஒவ்வொரு போல்ட்டுக்கும் தொழிலாளி இடுப்பைத் திருப்பி, பின்னாலிருக்கும் பெட்டியைத் துழாவுகிறார். பெட்டியைக் கைக்கெட்டும் உயரத்தில் முன்னால் வைத்தால் தீர்ந்தது. பெரும்பாலும் அந்த யோசனை அவரிடமே இருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை. ஸ்டாப்வாட்சோடு போய் நின்றால் வாயே திறக்க மாட்டார். மிச்சமாகும் நேரத்துக்கும் வேலை கொடுத்துவிடுவார்களோ என்ற பயம், நியாயமான பயம்தான். அதனால் முதலில் ஒரு டீ. பிறகு கேள்வி. பயிற்சி அறிக்கையில் வழிகாட்டியின் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தத் தொழிலாளியின் பெயரும்.

இதெல்லாம் ஜப்பான்காரர்களுக்குத்தான் வரும் என்பாரும் உண்டு. ஆனால் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998-லேயே வாங்கிவிட்டது. ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் 2002-ல் வாங்கியது.