என் தோலில், என் மூக்குக்கு

ஒரு அத்தரின் மணம் எங்கே இருக்கிறது? குப்பிக்குள்ளா, பூசிக்கொண்டவரின் தோலிலா, பக்கத்தில் நிற்பவரின் மூக்கிலா? விளையாட்டுக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் இதற்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான், இன்னொரு மனிதரைப் பார்த்து 'நாறுது' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா என்பதும் முடிவாகிறது.

எனக்குச் சில வருடங்களாக அத்தர்ப் பித்து. சாராயம் கலக்காத, எண்ணெயாக மட்டும் இருக்கும் சின்னக் குப்பிகள். கோட்டாறு கடைத்தெருவில் வாங்குவேன். இப்போது நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாகக் காய்ச்சி, கலந்து, மூன்று மில்லி குப்பிகளில் தபாலில் அனுப்புகிறார்கள். அதையும் வாங்குவேன். முதன்முதலில் கடைக்குப் போனபோது ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தேன். கடைக்காரப் பெரியவர் தடுத்தார். "குப்பியில மணத்து ஒண்ணும் சொல்லாண்டாம் மக்களே. கையில தேய்ச்சிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வா. பொறவு சொல்லு" என்றார். "எவ்வளவு நேரம் பாய்?" என்று கேட்டேன். "அது ஒன் தோலுக்கில்லா தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். பிச்சி அத்தர், இடது மணிக்கட்டு. முதல் பத்து நிமிடம் விடியற்காலைத் தோவாளைச் சந்தையில் சாக்கைப் பிரித்தால் வரும் பச்சைக் காம்பு வாடை. அரை மணி நேரத்தில் பழுத்த வாழைப்பழ இனிப்பு. இரண்டு மணி நேரம் கழித்து, நேற்று வைத்த பூ தலையணையில் நசுங்கிக் கிடந்தால் வருமே, அந்தக் கனத்த, லேசாக அழுகிய மணம். கடைசியில் சந்தனம் போல ஏதோ ஒன்று. அதே குப்பியை அக்கா பூசிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் பூவாகவே இருந்தது. அழுகல் வரவே இல்லை. வெட்டிவேர் எனக்கு நனைந்த மண்பானையும் பச்சைக் கடலையுமாக இருக்கிறது. என் நண்பனின் கையில் அது அடுப்புப் புகை. சுட்ட களிமண்ணைக் காய்ச்சி வடிக்கும் கன்னோஜ் மண் அத்தர் என் தோலில் இருபது நிமிடம்கூடத் தங்காது. போகும்போது சிலேட்டை எச்சில் தொட்டு அழித்த வாசனையை விட்டுவிட்டுப் போகும்.

இப்படி எழுதுகிறவர்கள் எல்லோருமே ஒரு வார்த்தையைச் சேர்த்துத்தான் எழுதுவோம்: 'என் தோலில்'. மென்பொருள் வேலையில் இதற்கு நேரெதிரான ஒரு வாக்கியம் உண்டு. நிரல் உடைந்துபோய்விட்டது என்று யாராவது சொன்னால் "என் மெஷின்ல ஓடுதே" என்போம். அது தட்டிக்கழிப்பதற்கான பேச்சு. அத்தர்க்காரர் சொல்லும் 'என் தோலில்' தட்டிக்கழிப்பு இல்லை. நான் அறிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் உன் மேல் ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று தானே போட்டுக்கொள்ளும் எல்லை.

இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. பழைய முறைப்படி செய்யும் அத்தரில் பூவின் ஆவி நேராகச் சந்தன எண்ணெயில் போய் இறங்கும். சந்தனத்தின் விலை ஏறிய பிறகு பல இடங்களில் அதற்குப் பதில் பாரஃபின் எண்ணெய் வந்துவிட்டது. அடித்தளம் மாறினால் ஆவியாகும் வேகம் மாறும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் மணம் அதிக நேரம் தங்கும், வறண்ட தோலில் சீக்கிரம் பறக்கும். இது தோலின் பக்கம். மூக்கின் பக்கம் இன்னும் சிக்கலானது. மணம் அறியும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் கண்டுபிடித்தார்கள். 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களிடம் வேலை செய்யும் ஏற்பிகள் சுமார் நானூறு வகை. அவை ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். ஆண்ட்ரோஸ்டினோன் என்று வியர்வையில் உள்ள ஒரு பொருள் சிலருக்கு மூத்திர நாற்றம், சிலருக்கு வெனிலா போல இனிப்பு, சிலருக்கு எதுவுமே தெரியாது. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி ஒரே ஒரு ஏற்பியின் மரபணுவிலிருந்து வருகிறது என்று 2007-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் மூக்கு வேறு.

தமிழில் இந்த வழக்கு ரொம்பப் பழையது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம் வந்த கதை நமக்குத் தெரியும். திருவிளையாடல் புராணத்தில் படிக்காதவர்கள்கூட 1965-இல் வந்த படத்தில் நாகேஷ் தருமியாக அழுது புலம்பியதைப் பார்த்திருப்போம். குறுந்தொகையின் இரண்டாம் பாடலை இறையனார் பாடியதாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டைச் சுற்றித்தான் இத்தனை கலவரமும். நக்கீரரின் கட்சி எளிமையானது: கூந்தலுக்கென்று மணம் கிடையாது, பூவும் எண்ணெயும் அகிற்புகையும் தருவதுதான் மணம். நாம் எப்போதும் இந்தக் கதையை அதிகாரத்துக்கு அஞ்சாத புலவனின் கதையாகவே படித்துக் கைதட்டுகிறோம். கேட்கப்பட்ட கேள்வியை விட்டுவிடுகிறோம். ஒருவர் உடம்பில் வரும் மணம் அவருடையதா, அவர் மேல் வந்து ஒட்டியதா?

பாதி நக்கீரர் பக்கம்தான் சரி. அக்குளில் சுரக்கும் புது வியர்வைக்குக்கூட வாடை கிடையாது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று மாற்றிய பிறகுதான் வாடை வரும். ஆனால் அந்தப் பாக்டீரியாவும் நானும் சேர்ந்துதான் என் உடம்பு. மீதி எல்லாம் நாம் எதைத் தொட்டோம், எதைச் சாப்பிட்டோம், எங்கே வேலை பார்த்தோம் என்பது.

குமரி மாவட்டத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கிழக்கே தோவாளையில் பூ. மேற்கே குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர். தெற்கே முட்டம், குளச்சல் என்று கடற்கரை முழுக்க மீன். நான் ரப்பர்ப் பக்கத்துக்காரன். பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்துப் பிழிந்து, ஷீட்டாகத் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். அந்தப் புளித்த வாடை எங்கள் வீட்டுத் துணியில் இருந்திருக்கிறது. எனக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை. கல்லூரி விடுதியில் அறைத்தோழன் என் பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. மூக்கின் சுபாவம் அது. ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் சொல்வதை நிறுத்திவிடும். அதனால் உலகத்தில் எல்லா வீட்டு வாடையும் நமக்குத் தெரியும், நம் வீட்டு வாடை தவிர.

இந்த வாடைகளை வேதியியலாகப் பார்த்தால் மேல் கீழ் என்ற வரிசை கலைந்துபோகும். பிச்சியின் அந்த அழுகல் கனத்துக்குக் காரணம் இண்டோல். மலத்திலும் அது உண்டு. பிச்சியிலிருந்து அதை முழுக்க எடுத்துவிட்டால் பூ வெறும் சோப்பு மாதிரி ஆகிவிடும். சாமிக்குச் சாத்தும் புனுகு, புனுகுப் பூனையின் வாலடிச் சுரப்பியிலிருந்து வருவது. மீனின் உளும்பு வாடை டிரைமெத்திலமீன். அது காரத் தன்மையுள்ளது என்பதால் புளி சேர்ந்தால் அடங்கும். நம் அம்மாக்கள் மீன் குழம்புக்குப் புளி கரைப்பதில் இந்த வேதியியலும் இருக்கிறது. ரப்பர் ஷீட்டில் வருவதும் வியர்த்த காலில் வருவதும் சிலவகைப் பாலாடைக்கட்டியில் வருவதும் நெருங்கிய சொந்தக்கார அமிலங்கள்.

இன்னொரு விஷயம். 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே வாடையைக் காட்டி ஒருமுறை 'செடார் பாலாடைக்கட்டி' என்றும் இன்னொரு முறை 'உடம்பு வாடை' என்றும் எழுதிக் காட்டினார்கள். பாலாடைக்கட்டி என்று படித்தபோது அது இனிமையாக இருந்தது. உடம்பு என்று படித்தபோது பிடிக்கவில்லை. மூளையில் பதிவான செயல்பாடும் அதற்கேற்ப மாறியது. மூக்குக்குப் போனது ஒன்றுதான். சீட்டுதான் வேறு.

நம் ஊரில் அந்தச் சீட்டை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தலையில் மீன் பாத்திரம் இருந்தாலே போதும்.

டிசம்பர் 2021-இல் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு இரவில் வீட்டுக்குத் திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று அறிவித்த அதே வருடம். அந்த அம்மா அழுதுகொண்டு போகவில்லை. நிலையத்தில் நின்று சத்தமாக நியாயம் கேட்டார். அந்தக் காணொளி பரவியது. முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். செய்தி அத்தோடு முடிந்தது. எனக்கு அந்த வழக்கு முடியவில்லை. ஏனென்றால் நடத்துநரின் மூக்கு பொய் சொல்லியிருக்காது. வாடை அடித்திருக்கும். அப்படியானால் தவறு எங்கே நடந்தது?

காண்ட் 1790-இல் எழுதிய அழகியல் நூலில் ஒரு இடம் வரும். கானரித் தீவு ஒயின் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், 'எனக்கு நன்றாக இருக்கிறது' என்று சொல்லும்படி அவரைத் திருத்தலாம், அவரும் ஒத்துக்கொள்வார் என்கிறார். நாக்கும் மூக்கும் தரும் இன்பத்துக்கு இந்த 'எனக்கு' அவசியம். கிட்டத்தட்ட நம் 'என் தோலில்' மாதிரிதான். ஆனால் அதே நூலில் இன்னோர் இடத்தில், சபையில் வாசனைக் கைக்குட்டையை உதறுகிறவர் மேல் காண்ட் கோபப்படுகிறார். பிடிக்காத காட்சி என்றால் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். மணத்துக்கு அப்படி முடியாது, மூச்சு விட்டாகணும். வேண்டாதவருக்கும் அது போய்ச் சேருகிறது.

இந்த இரண்டாவது வாதத்தைத்தான் பேருந்தில் முகம் சுளித்தவர்களும் சொல்வார்கள். நான் அதைச் சும்மா தள்ளிவிட மாட்டேன். மணம் அடுத்தவரின் உடம்புக்குள் போகிறது என்பது உண்மை. சிலருக்கு ஒற்றைத் தலைவலி வரும், சிலருக்கு மூச்சு இரைக்கும். ஆனால் காண்ட் கோபப்பட்டது யார் மேல் என்று கவனிக்கணும். கைக்குட்டைக்காரர் மேல். அவர் அந்த மணத்தை வாங்கினார், தெளித்தார், விரும்பினால் விட்டுவிடலாம். என் மணிக்கட்டில் இருக்கும் பிச்சியும் அந்த வகை. அதற்கு நான் முழுப் பொறுப்பு. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சிரமம் என்றால் நான்தான் குறைக்கணும். மீன்கார அம்மாவின் கையில் இருப்பது பூசிக்கொண்டது இல்லை. நாள் முழுக்க மற்றவர் வீட்டுச் சட்டிக்கு மீன் கொடுத்த வேலை விட்டுச்சென்றது. அந்த மீனைத் தின்ற வாய்களும் அந்தப் பேருந்தில் இருந்திருக்கும்.

நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். வண்டி முழுக்கப் பரவும்படி சென்ட் அடித்துக்கொண்டு ஏறுகிறவரை யாரும் இறக்கிவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், சாப்பாட்டு அறைக்கு 'கடும் வாடையுள்ள உணவு' கொண்டுவர வேண்டாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருத்தி அதற்கு மறுநாளிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்தாள். அதே அறைச் சுவரில் ஒரு பெட்டி கால் மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கை மல்லிகையைப் பீய்ச்சும். எனக்குத் தலைவலி தந்தது அந்தப் பெட்டிதான். அதைப் பற்றி எந்த அறிவிப்பும் இல்லை.

அப்படியானால் மூக்கை நம்பவே கூடாதா? நம்பணும். சமையல் எரிவாயுவுக்கு வாடை கிடையாது. கசிந்தால் தெரியணும் என்றே மெர்கேப்டன் கலக்கிறார்கள். மூக்கு தகவல் சொல்கிறது. 'இங்கே மீன் இருக்கிறது' என்பது தகவல். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதும் தகவல்தான், என்னைப் பற்றியது. 'இவர் இங்கே இருக்கக் கூடாது' என்பது தீர்ப்பு. முதல் இரண்டையும் எத்தனை கூட்டினாலும் மூன்றாவது வராது. அதை வரவழைப்பது சாதியும் காசும் நாம் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் சீட்டும். அருவருப்பு நம் உடம்பில் அத்தனை வேகமாக எழுவதால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். குமட்டல் எழுவதை யாராலும் தடுக்க முடியாது. அதற்கு யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. அதன் பிறகு வாயைத் திறக்கும்போதும் விசில் ஊதும்போதும்தான் நாம் பொறுப்பாளி ஆகிறோம்.

அந்த இரவில் அந்தப் பேருந்துக்கு வேண்டியிருந்தது பெரிய தியாகம் எதுவும் இல்லை. இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் போதும். திறக்காவிட்டாலும், சில நிமிடத்தில் அத்தனை மூக்கும் பழகிப் பேசாமல் இருந்திருக்கும்.