விலகலா, விசாரணையா?

பதவியைத் துறந்தால் பழி துடைக்கப்பட்டுவிடுமா?

அமெரிக்க செனட்டர் அல் பிராங்கன் மீது 2017 நவம்பரில் அத்துமீறல் புகார் எழுந்தது. மேலும் சில பெண்களும் குற்றஞ்சாட்டினர். செனட்டின் ஒழுங்குக் குழு விசாரிக்கட்டும் என்றார் அவர். அவருடைய ஜனநாயகக் கட்சியோ பொறுக்கவில்லை. டிசம்பர் 6 அன்று கிர்ஸ்டன் கில்லிபிராண்ட் விலகச் சொன்னார். அன்றே 30க்கும் மேற்பட்ட செனட்டர்கள் அதே குரல் எழுப்பினர். அலபாமாவில் இடைத்தேர்தலுக்கு அப்போது ஆறே நாள்; எதிர்க்கட்சி வேட்பாளர்மீதும் அவ்வகைப் புகாரே! அவசரத்தின் காரணம் அறவுணர்ச்சி மட்டுந்தானா என்று ஐயுறுகிறோம்.

2018 ஜனவரியில் பிராங்கன் வெளியேறினார்; விசாரணை முற்றுப்பெறவே இல்லை. விலகச் சொன்னவர்களில் எழுவர் 2019இல் வருந்தினர். வசையோ கில்லிபிராண்டுக்கு! அவரைச் சாடும் கட்சித் தோழர்களைக் கேட்கிறோம்: புகார் கூறிய பெண்களின் சொல்லை எந்த மன்றம் எடைபோட்டது?