கந்தையும் கத்தியும்

பழையது என்ற ஒரே காரணத்தால் ஒன்றைப் போற்றுவது மடமை; அதே காரணத்தால் அதை எறிவதும் மடமையே. அங்ஙனமாயின் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? இதற்கு விடை காண நாம் சாத்திரங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. சவரத் தொழிலின் ஒரு சிறு கருவியே போதும்.

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும் வாரில் பெரும்பாலும் இரு பட்டைகள் உண்டு. ஒன்று துணி, மற்றொன்று தோல். முதலில் துணியிலும் பின்னர் தோலிலும், கத்தியின் முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர இழுப்பர். முற்காலத்துத் தீயணைப்புக் குழாய்களிற் பல லினன் நூலால் நெருக்கமாக நெய்யப்பட்டவை. நீர் பட்டதும் நூல் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கழித்து விடப்பட்ட அக்குழாய்களை மேனாட்டில் சிலர் நீளவாக்கில் அறுத்து, சவர்க்கார நீரில் பலமுறை அலசி, உலர்த்தி, வழவழப்பாகும் வரை அழுத்தித் தேய்த்து வாராக்கிக் கொள்கின்றனர். ஒரு மணல் தங்கினாலும் கத்தியின் வாய் கெடும். இழையே இற்றுப்போயிருந்தாலோ, எத்தனை முறை அலசினும் பயனில்லை.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னார்கள் நம் முன்னோர். கசக்காமல் கட்டச் சொல்லவில்லை.

"அப்படியானால் பழைய ஆசாரங்களையும் வைத்துக்கொள்ளலாமே" என்பார் உளர். வைத்துக்கொள்ளலாம், அலசிப் பார்த்த பின்னர்! சவரத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கைத்திறனும் பொறுமையும் நல்ல இழை. அத்தொழிலாளியைப் பிறவியிலேயே இழிந்தவர் என்றதும், தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அவரைக் கொண்டே தாழ்த்தப்பட்டோருக்கு முடிவெட்ட மறுக்கச் செய்ததும் இழையல்ல, மணல். 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னதும், அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து பேசியதும் இம்மணலைப் போக்கவே.

மணல் முற்றும் போயிற்றா? முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரை அமர்த்துவது 2009 முதல் இந்நாட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளூரில் ஆள் கிடையாமையால் 2023-இல் அம்முடிதிருத்தும் தொழில், துணி வியாபாரம், நகைத் தொழில் மூன்றுக்குமாக 7,500 பேருக்கு அரசு இசைவளித்தது. ஆள் கிடையாமைக்குக் கூலியும் வேலை நேரமும் காரணங்களாகலாம். ஆயினும், ஜொகூரின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நாம், நம் மகன் கத்தி பிடிக்க விரும்பினால் மனமுவந்து விடுவோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். வாய் தயங்குமாயின், அத்தயக்கத்தின் பெயர் ஜாதியே.

இனி, தள்ள வேண்டியதும் உண்டு. ஒரே கத்தி பலர் முகத்தில் படுவதால் இரத்தத்தின் வழி நோய் பரவும். ஆதலின் ஆளுக்கொரு புது அலகு இடுவதே கடைக்கு அறம். பழைய கத்தியும் வாரும் தன் வீட்டில் தனக்கென வைத்திருப்போருக்குத் தகும். பழமையின்மேல் பற்றுக்கொண்டு பிறர் உடலைப் பணயம் வைப்பது பற்றன்று.

எனவே அளவுகோல் வயதன்று. மனிதருக்கு உதவுவது எதுவோ, அதை அலசி வைத்துக்கொள்வோம். மனிதரை அறுப்பது எதுவோ, அதை எவ்வளவு பழையதாயினும் எறிந்து விடுவோம்.